தொழிலே பகையான செல்

1939இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூவர் ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்குக் கைகள் வெளுத்துப்போயிருந்தன. வெளுப்பு பெரும்பாலும் விரல்களிலும் புறங்கையிலும் முன்கையிலும்தான் இருந்தது. அதாவது, வேலை நேரத்தில் ரப்பர் கையுறை மூடியிருந்த இடங்களில். தோல் பதனிடும் இடத்தில் சந்தேகப்பட ரசாயனங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த ரசாயனங்களிலிருந்து கையைக் காப்பாற்றப் போட்டுக்கொண்ட கையுறைக்குள்தான் குற்றவாளி இருந்தது.

ரப்பர் காற்றுப் பட்டு நாளடைவில் வெடித்து, பிசுபிசுத்துப் போகும். ஆக்சிஜன் செய்கிற வேலை அது. அதைத் தள்ளிப்போட, ஹைட்ரோகுவினோனின் மானோபென்சைல் ஈதர் என்ற பொருளை ரப்பரில் கலந்திருந்தார்கள். இன்று மாத்திரை டப்பாக்களின் மேல் ‘ஆன்ட்டி-ஆக்சிடன்ட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே, வேலையைப் பொறுத்தவரை இதுவும் அந்த இனம்தான். ரப்பரை ஆக்சிஜனிடமிருந்து காத்த பொருள், தோலுக்குள் ஊறியதும் நிறமிச் செல்களை ஆக்சிஜனேற்றத்தாலேயே அழித்தது. பக்கத்திலிருந்த மற்ற செல்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. இந்த முரண்பாட்டை அவிழ்த்தால் வெண்புள்ளி என்கிற விட்டிலிகோவின் பாதிக் கதை புரிந்துவிடும்.

மேல்தோலின் அடி வரிசையில், ஆங்காங்கே கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது மெலனோசைட் என்ற நிறமிச் செல். ஒரு மெலனோசைட் சுமார் 36 தோல் செல்களுக்கு நிறமி வழங்குகிறது. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. செய்கிற மெலனினின் அளவிலும் வகையிலும், அதை எப்படிப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது என்பதிலும்தான் வித்தியாசம்.

மெலனினுக்கு மூலப்பொருள் நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் டைரோசின். தாமிரம் தாங்கிய டைரோசினேஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்கிறது. டைரோசின் டோபாவாகி, டோபாகுவினோனாகி, பல படிகள் கடந்து கரிய மெலனினாகச் சேர்கிறது. இடையில் வரும் குவினோன்கள் பொல்லாதவை. எதிர்ப்படும் புரதத்தின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதன் உருவத்தையே மாற்றிவிடும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. ஆகவே செல் இந்த வேலையைத் தன் நடுவீட்டில் செய்வதில்லை. மெலனோசோம் என்ற சவ்வுப் பைக்குள் ஒதுக்கி வைத்துச் செய்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறையைத் தனியாக, சிறியதாக, மற்ற அறைகளிலிருந்து தள்ளிக் கட்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். பை கசிந்தாலும், பைக்கு வெளியே காவலிருக்கும் குளூட்டாதயோன், கேட்டலேஸ் போன்றவை குறைந்தாலும் செல்லுக்கு ஆபத்து. கசிவு உடலின் சமாளிக்கும் சக்தியை மீறிவிடும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

இப்போது கையுறைக்குத் திரும்பலாம். மானோபென்சோன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பொருளின் உருவம் டைரோசினை ஒத்தது. ஒரு ஃபீனால் வளையம், அதன் எதிர்மூலையில் ஒரு வால். டைரோசினேஸ் ஏமாந்துபோய் அதையும் பிடித்துக் குவினோனாக மாற்றுகிறது. மெலனினாகச் சேர முடியாத இந்தப் போலிக் குவினோன் செல்லுக்குள் அலைந்து, கண்ட புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. டைரோசினேஸ் இல்லாத பக்கத்துச் செல்லில் இந்த மாற்றமே நடக்காது. அதனால்தான் அது தப்பியது. சுறுசுறுப்பாக உழைக்கும் மெலனோசைட்டுக்கே அடி அதிகம். பின்னாளில் மருத்துவர்கள் இதையே மருந்தாக்கிக்கொண்டார்கள். உடலில் பெரும்பகுதி வெளுத்துவிட்டவர்களுக்கு, மிச்சமிருக்கும் நிறத்தையும் நீக்கி ஒரே சீராக்க மானோபென்சோன் களிம்பு தரப்பட்டது.

நிறமிச் செல்லின் சாவுக்கு அதன் தொழிலே காரணமாகலாம் என்ற எண்ணத்தை 1971இல் வெளிப்படையாக எழுதிவைத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஏரன் லெர்னர். வெண்புள்ளியையும் நரையையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பார்த்தார். தவளைத் தோலை வெளுக்கச் செய்யும் பொருளைத் தேடிப்போய், மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து 1958இல் மெலட்டோனினைப் பிரித்தெடுத்தவரும் அவர்தான். தூக்கத்துக்காக இன்று விற்கப்படும் அந்த மாத்திரையின் பூர்வீகம் தோல் நிறமி ஆராய்ச்சி என்பது பலருக்குத் தெரியாது.

லெர்னரின் எண்ணத்துக்கு ஆய்வகத்துக்கு வெளியே ஒரு சோதனை நடக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நடந்தது ஜப்பானில். கனேபோ என்ற பெரிய அழகுசாதன நிறுவனம், ஒரு மேப்பிள் வகை மரத்தில் காணப்படும் ரோடோடென்ட்ரால் என்ற ஃபீனால் பொருளை முகப்பொலிவுக் களிம்புகளில் 2 சதவீத அளவில் கலந்து விற்றது. இது டைரோசினேஸை மந்தப்படுத்தும், அதனால் மெலனின் குறையும் என்பது கணக்கு. 2008இல் அரசு அனுமதியும் கிடைத்தது. சுமார் 8 லட்சம் பேர் வாங்கிப் பூசினார்கள். சில ஆண்டுகளில் கழுத்திலும் முகத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகளோடு பெண்கள் தோல் மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். 2011லேயே புகார்கள் வந்திருந்தும், நிறுவனம் அவற்றை வாடிக்கையாளருக்குத் தற்செயலாக வந்த நோய் என்றே எடுத்துக்கொண்டது. 2013 ஜூலை 4 அன்றுதான் 54 தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

கணக்கு எங்கே பிசகியது? டைரோசினேஸ் அந்தப் பொருளைக் கண்டு வேலையை நிறுத்தவில்லை. டைரோசினுக்குப் பதிலாக அதையே வாங்கி ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கியது. வெளிவந்தது நச்சுக் குவினோன். ஆய்வகத்தில் வளர்த்த மெலனோசைட்டில் டைரோசினேஸை முடக்கிவிட்டால் ரோடோடென்ட்ரால் அந்தச் செல்லை ஒன்றும் செய்வதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குளூட்டாதயோன் குறைந்தால் சேதம் கூடியது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நிறம் மெல்லத் திரும்பியது. ஆனால் சிலருக்குக் களிம்பே படாத இடங்களிலும் வெண்திட்டு வந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ரசாயனம் தொடாத இடத்தில் செல் சாகிறதென்றால், வேறு யாரோ அங்கே போய்க் கொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜப்பான் வரை போகவும் வேண்டியதில்லை. பெண்களின் நெற்றியில் சரியாகப் பொட்டு ஒட்டும் வட்டத்தில் வெளுப்பு வருவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் ஃபீனால் அதன் காரணம். பெயர் நீளமென்றாலும் உருவம் பழையதுதான்: ஃபீனால் வளையம், எதிர்மூலையில் வால். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில், கால் விரல்களுக்கு மேலே ‘வி’ வடிவத்தில் விழும் வெளுப்பும் இந்த வகையறா. அதே இடத்தில் நாள்தோறும் பொட்டு ஒட்டுபவருக்கு வட்டம் வெளிறத் தொடங்கினால், குங்குமத்துக்கோ சாந்துக்கோ மாறாமல் வேறு பிராண்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவது தீர்வாகாது. பசையின் வேதியியல் பெரும்பாலும் ஒன்றுதான்.

வெண்புள்ளி உள்ள பெரும்பாலானோர் எந்த ஆலையிலும் வேலை பார்த்தவர்களில்லை, எந்தக் களிம்பும் பூசியவர்களில்லை. உலக மக்களில் நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பேருக்கு இது வருகிறது. இவர்களின் செல்லுக்குள்ளும் அதே கசிவு நடக்கிறதா?

1987இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் ஒரு தடயத்தைக் கொடுத்தார்கள். வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் இன்னும் வெளுக்காத, பார்வைக்கு நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து மெலனோசைட்டுகளை எடுத்து வளர்த்தார்கள். மற்றவர்களின் செல்களைப் போல அவை எளிதில் தலையெடுக்கவில்லை. வளரத் தொடங்கவே காலதாமதம் ஆனது. அதாவது திட்டு விழும் முன்பே செல் நலிந்திருக்கிறது. ரோமில் மௌரோ பிக்கார்டோவின் குழு இப்படிப்பட்ட செல்களில் கேட்டலேஸ் குறைவதையும், மைட்டோகாண்ட்ரியா சரியாக இயங்காததையும் கண்டது.

பின்னாளில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காரின் ஷால்ராய்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளிகளின் மேல்தோலில் கேட்டலேஸ் குறைந்திருப்பதை 1991இல் சொன்னார். 1999இல் ராமன் நிறமாலைக் கருவியை நேராகத் தோலின்மேல் வைத்து, அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு தேங்கியிருப்பதாக அறிவித்தார். லேசர் ஒளியைப் பாய்ச்சினால் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் அந்த ஒளியைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலைப் படித்தால் பொருள் இன்னதென்று தெரிந்துவிடும். ராமன் கண்ட விளைவு, தோலை வெட்டாமலேயே உள்ளே பார்க்க உதவியது.

காயத்தின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். இரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதே அந்த நுரை. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கில் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். பிராட்ஃபோர்டு குழு தோலில் அளந்தது சுமார் ஒரு மில்லிமோலார். மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீதக் கரைசலோடு ஒப்பிட்டால் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. கேட்க அற்பமாகத் தோன்றலாம். ஆனால் செல்லுக்கு இது மிக அதிகம். இவ்வளவு பெராக்சைடு தொடர்ந்து தேங்கினால் அதை உடைக்க வேண்டிய கேட்டலேஸே பழுதாகிவிடும். காவல்காரன் விழுந்தபின் பெராக்சைடு மேலும் ஏறும். ஏற ஏறக் காவல் இன்னும் தளரும். நரைமுடியிலும் இதே பெராக்சைடு தேக்கத்தை அந்தக் குழு 2009இல் காட்டியது.

எல்லா ஆய்வகங்களின் அளவீடுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில நொதிகள் ஒரு ஆய்வில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் காணப்படுகின்றன. அழுத்தம் இருக்கிறது என்பதில் கருத்தொற்றுமை உண்டு. ஆனால் அது ஒன்றே செல்லைக் கொன்றுவிடுகிறதா என்றால், இல்லை என்பதே இன்றைய நிலை. பல ஆண்டுகளாக ‘செல் தானே சாகிறது’ என்றவர்களும் ‘உடலின் எதிர்ப்பு அமைப்பு கொல்கிறது’ என்றவர்களும் இரு கட்சியாக நின்றார்கள். இரண்டு கட்சிக்கும் பாலம் போட்டது, களிம்பு படாத இடத்தில் விழுந்த திட்டு போன்ற புதிர்கள்தான்.

அழுத்தத்தில் சிக்கிய செல் சும்மா இருப்பதில்லை. புரதங்கள் ஒழுங்காக மடியாமல் குவியும்போது, அது இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற அழைப்புச் சமிக்ஞைகளை வெளியிடுகிறது. நெருக்கடிக் காலத்தில் உண்டாகும் எச்எஸ்பி-70 என்ற புரதம் செல்லுக்கு வெளியே கசிந்து, சுற்றித் திரியும் எதிர்ப்புச் செல்களை உசுப்புகிறது. கரோலின் லெ பூல் குழு 2013இல், இந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் நிறமிழப்பைத் திருப்ப முடிந்ததாக வெளியிட்டது. இன்னொரு வழியும் உண்டு. போலிக் குவினோன் ஒட்டிக்கொண்ட டைரோசினேஸ், உடலின் கண்ணுக்கு இனிமேல் சொந்தப் புரதமாகத் தெரியாது. அந்நியன் என்று முத்திரை குத்தப்பட்டதும் சிடி-8 வகை டி செல்கள் அதைத் தேடிக் கிளம்புகின்றன. வந்து சேர்ந்த டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்க, தோல் செல்கள் சிஎக்ஸ்சிஎல்-10 என்ற பொருளை வெளியிட்டு இன்னும் டி செல்களைக் கூப்பிடுகின்றன. இதன்பிறகு முதலில் எழுந்த பெராக்சைடு அடங்கினால்கூட வேட்டை தானாக நிற்பதில்லை. கையுறையைக் கழற்றிய பிறகும், களிம்பை நிறுத்திய பிறகும் சிலருக்குத் திட்டு பரவியது இதனால்தான்.

கசிவு எல்லோருக்கும் உண்டு. வேட்டை ஏன் சிலருக்கு மட்டும்? பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. ஒரே கருவில் பிளந்த இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 23 சதவீதம்தான். 2010இல் ரிச்சர்ட் ஸ்பிரிட்ஸ் குழு கண்ட ஒரு செய்தி சுவையானது. டைரோசினேஸ் மரபணுவில் வெண்புள்ளிக்கு வழிவிடும் வடிவம், மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுக்கு எதிரான காப்பாக நிற்கிறது. நிறமிச் செல்லை எளிதில் அடையாளம் காணும் உடல், கெட்டுப்போன நிறமிச் செல்லையும் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறது போலும். மெலனோமாவுக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை எடுப்பவருக்கு உடம்பில் வெண்திட்டு விழுந்தால், மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் உள்ளூர மகிழ்வது உண்டு.

அப்படியானால் ஆன்ட்டி-ஆக்சிடன்ட் சாப்பிட்டால் சரியாகுமா? வெண்புள்ளி வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி இது. கடைக்காரர்களுக்குப் பிடித்த கேள்வியும் இதுவே. ஷால்ராய்ட்டர், கேட்டலேஸ் போல வேலை செய்யும் ஒரு மாங்கனீஸ் கூட்டுப்பொருளைக் களிம்பாக்கி ஒளிச் சிகிச்சையோடு கொடுத்தார். அவருடைய குழுவுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் 2009இல் வெளியான வேறொரு ஆய்வில், பாதிப் பேருக்கு மருந்தில்லாக் களிம்பு கொடுத்து ஒப்பிட்டபோது, இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் தவீந்தர் பார்சாத் குழு ஜிங்கோ சாற்றை 40 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுத்து, மெதுவாகப் பரவும் திட்டுகள் அடங்குவதை 2003இல் காட்டியது. சிறிய ஆய்வு, நம்பிக்கை தரும் ஆய்வு; அவ்வளவுதான் சொல்லலாம். வேட்டை தொடங்கிய பிறகு பெராக்சைடை மட்டும் குறைத்தால் டி செல்கள் வீடு திரும்பிவிடாது. மாத்திரை டப்பா சொல்லாமல் விடும் விஷயம் அது.

வேடிக்கை என்னவென்றால், நெடுங்காலமாகக் கைகொடுத்து வரும் சிகிச்சை ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுகிற சிகிச்சை. சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசி, ஒரு அவரை இனச் செடியின் விதை. அதிலுள்ள சோராலன் தோலில் ஊறியபின் வெயில் பட்டால் செல்களில் கடும் வினை நடக்கிறது. எகிப்தில் இதே வேதிப்பொருள் குடும்பத்தை வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். கெய்ரோவின் அப்தெல் மோனெம் எல் மொஃப்தி 1940களில் அதை நவீன மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அளவு தெரியாமல் அரைத்துப் பூசி வெயிலில் உட்கார்ந்தால் கொப்புளம் நிச்சயம். வெண்புள்ளி உள்ள தோலில் கொப்புளமும் சிராய்ப்பும் ஆறிய இடத்தில் புதுத் திட்டு விழும் வழக்கம் உண்டு என்பதால் இது இரட்டை நட்டம்.

1997 முதல் சோராலனுக்குப் பதில் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியே முன்னுக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹாஃப் தொடங்கிவைத்த முறை. இந்த ஒளி டி செல்களை அடக்குகிறது. மயிர்க்காலின் அடியில் உறங்கும் நிறமித் தண்டுச் செல்களை எழுப்புகிறது. சில மாதம் ஒளி எடுத்தவரின் திட்டை உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பரப்பின் நடுவே மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு ரோமம். அந்த ரோமமும் வெளுத்துப்போன திட்டில் தண்டுச் செல்களின் கிடங்கு காலி. ரோமமே இல்லாத உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் ஒளி எவ்வளவு கொடுத்தாலும் பலன் குறைவு.

டி செல்லின் அழைப்புச் சங்கிலியையே அறுக்கும் மருந்து 2022 ஜூலையில் வந்தது. ரக்ஸோலிடினிப் 1.5 சதவீதக் களிம்பு, இன்டர்ஃபெரான்-காமாவின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜேக் நொதிகளைத் தடுக்கிறது. அமெரிக்காவில் வெண்புள்ளியில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே. சோதனைகளில் 24 வாரத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு முகத் திட்டுகளில் முக்கால்வாசி நிறம் திரும்பியது. ஓராண்டு தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு.

எந்தச் சிகிச்சையானாலும், நிறம் வந்தபின் அதை நிறுத்தினால் என்னாகும் என்பதைப் பிரான்சில் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், சிகிச்சைக்குப் பின் வெறும் களிம்பு பூசியவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் திட்டு திரும்பியது. வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் என்ற மருந்துக் களிம்பு பூசியவர்களில் திரும்பியது 10 சதவீதத்துக்கும் கீழே. திரும்புவது பெரும்பாலும் பழைய இடத்திலேயே. நினைவாற்றல் உள்ள டி செல்கள் இரத்தத்துக்குப் போகாமல் அந்தத் தோலிலேயே தங்கிவிடுகின்றன என்பது இப்போது தெரிகிறது. அவற்றுக்கு உணவான இன்டர்லூகின்-15இன் பிடியைத் தடுத்து, ஜான் ஹாரிஸ் குழு 2018இல் எலிகளில் அவற்றைத் தோலிலிருந்து விரட்டிக் காட்டியது. எலிக்கு நிறம் திரும்பி, மருந்து நின்ற பிறகும் நெடுநாள் நிலைத்தது. மனிதத் தோலில் அதே வேலையைச் செய்யும் மருந்துக்கான சோதனைகள் நடந்து வருகின்றன.